பூப்பனியில் பூவை விட்டவர்கள்

வெங்காய நாற்று நட்ட காலையில் அந்தப் பள்ளத்தில் நின்றவர்கள் நான்கு பேர். என் அத்தை செல்லம்மா, அத்தை மகன் யோகராஜ் மச்சான், அவர் மனைவி மல்லிகாக்கா, முந்தைய நாள்தான் இந்தியாவிலிருந்து வந்து இறங்கியிருந்த நான். வந்திருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் என் அப்பா. இன்னொருவர், இந்தச் சமயத்தில் நடுங்கள் என்று சொல்லி நாற்றைக் கொடுத்தனுப்பிய வெங்காயத் திட்டத்து அதிகாரி.

அப்பா வராதது அவர் குற்றமில்லை. சின்ன வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். அவர் பிறந்ததற்கான தாள் இலங்கையிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. ஆள் மட்டும் இருக்கிறார். பாஸ்போர்ட்டுக்குப் போனால் தாளைத்தான் கேட்கிறார்கள். கல்யாணமாகி இலங்கையில் கந்தப்பளையிலேயே தங்கிவிட்ட அக்கா செல்லம்மாவுக்கு ஒரு தடவையாவது தன் கையால் பொங்கல் சீர் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நடக்காது என்று தெரிந்ததும் சேலை, வெல்லம், மஞ்சள், சீர்ப்பணம் எல்லாவற்றையும் என் பையில் திணித்து, "நீ போயிட்டு வாடா" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, விவசாயக் கல்லூரி வரைக்கும் போனவன் நான். தாள் சம்பந்தப்பட்ட எதுவும் என் தலையில்தான் விழும்.

அதிகாரி ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

கொழும்பில் இறங்கியதுமே சீரில் ஒரு பகுதி போயிருந்தது. பையைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி மஞ்சள் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். மஞ்சள் கொண்டுவரக் கூடாதாம். இது வியாபாரத்துக்கு இல்லை, அக்காவுக்குத் தம்பி அனுப்பும் சீர் என்று எந்த மொழியில் சொல்வது? அன்பளிப்பு என்றேன். அன்பளிப்பும் மஞ்சள்தான் என்றார். அவரோடு சண்டை போட முடியாது, அவர் சொன்னது சரி.

நுவரெலியாவில் கந்தப்பளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அது நகரவில்லை. நடத்துனர் சிங்களத்தில், பின்னால் இடமிருக்கிறது, பின்னால் போங்கள் என்று கூவிக்கொண்டே இருந்தார். பின்னால் இருந்தவை தடித்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் மூட்டைகள். என் மடியில் ஒருவர் தன் கேரட் பையை உரிமையோடு வைத்துவிட்டு, "எங்க போறீங்க?" என்றார்.

"கந்தப்பளைக்கு. இந்தியாவுலேருந்து வர்றேன்."

"இந்தியாவுலேருந்தா? இங்க உள்ளவங்க எல்லாம் எப்படா வெளியில ஓடுவோம்னு இருக்காங்க. நீங்க எதுக்குங்க வர்றீங்க?"

பதில் சொல்வதற்குள் ஏற்றத்தில் பஸ் புகைவிட்டு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ஓட்டுநர் ஓடையில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றும்வரை தேயிலைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நீலகிரியில் எங்கள் குந்தாப் பக்கத்து மலையை யாரோ தூக்கிவந்து வைத்த மாதிரி இருந்தது. அதே வரிசைச் செடி, அதே சவுக்கு மரம், கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு அதே சாயலில் பெண்கள். வானம் மட்டும் கழுவிவிட்டது போல நீலமாக, ஒரு மேகம் இல்லாமல், காற்றே இல்லாமல் இருந்தது. கூட நின்றவர்கள் நல்ல வெயில் என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஜனவரி மாத வானம் இப்படி இருந்தால் அம்மா பீன்ஸ் கொடியை மூடச் சொல்லிவிடுவார்.

அத்தை வீடு லயத்தில் நடு அறை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் அந்த நீளக் கட்டடத்தைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதிலிருந்து மாறியிருந்தது கூரைத் தகரம் மட்டும்தான். அத்தை என்னைப் பார்த்ததும் அழுவார் என்று நினைத்துத் தயாராகப் போனேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "என்னா மருமவனே, ஒங்கப்பன் சோறு போடுறானா இல்லியா?" என்றார். தேங்காய் ரொட்டி சுட்டு, கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் மிளகாய்க் கட்டசம்பல் வைத்தார். கையில் கொஞ்சம் சீனியை வைத்து, அதை நக்கிக்கொண்டே பாலில்லாத பிளேன்டீ குடிக்கக் கற்றுக்கொடுத்தார். இந்தியாவிலும் தேயிலைத் தோட்டம்தான், ஆனால் சீனியைத் தனியாகத் தின்பது எங்களுக்குத் தெரியாது. இது நல்ல முறை. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

மறுநாள் நாற்று நடவு. ஓடைக்கு ஒட்டிய பள்ளத்தில் அவர்களுக்குத் தோட்டத்து நிர்வாகம் விட்டிருக்கும் துண்டு நிலம் இருக்கிறது. தேயிலைக்கு ஆகாத இடம். ஆகாத இடம்தான் மனிதர்களுக்குக் கிடைக்கும், அது எங்கள் மலையிலும் அப்படித்தான். ஆனால் இங்கே ஒரு நிபந்தனையும் உண்டு. பயிரில்லாமல் கிடந்தால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா இரண்டு தடவை வந்து, பொங்கலுக்குள் ஏதாவது நட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே மரக்கன்று வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மச்சான் கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்ததே இந்த நிலத்தை நம்பித்தான். இது போனால் மறுபடியும் மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் முகம் பார்க்கும் வாழ்க்கை.

நாற்றுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தாள் மெலிந்து, நெட்டையாக, வெளிறிப்போய் இருந்தது. "எங்க வளத்தது மச்சான் இது?"

"தம்புள்ளை பக்கம். லாரியில வந்துச்சு."

தம்புள்ளை வெயில் ஊர். அங்கே பிறந்து வளர்ந்த நாற்று, குளிர் என்றால் என்னவென்றே பார்க்காதது. "இப்ப நடலாமா? பனி நேரமாச்சே?" என்றேன்.

அத்தை நிமிர்ந்து மலையைக் கையால் சுற்றிக் காட்டினார். "எங்கடா பனி? பனி போயிருச்சுல்ல, அதான நடுறோம்."

"போவலைங்கத்தை. இனிமேதான் வரும். வானத்தைப் பாருங்க."

மல்லிகாக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, பனியில மூணு மாசம் பக்கத்து லயம் தெரியாம கெடந்தோம். இப்பதான் தெளிஞ்சிருக்கு. இந்தியாக்காரங்க வந்து இல்லாத பனியைக் காட்டுறாங்க!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் பனி என்று சொல்வது மூட்டத்தை. மழை மாதங்களில் மலையை மூடிக்கொண்டு கிடக்கும் வெள்ளைப் புகையை. நான் பனி என்று சொன்னது புல்லில் உறைந்து உப்பாக நிற்பதை. எங்கள் ஊரில் அதற்கு உறைபனி என்று பேர். "அது பூப்பனி" என்றார் மச்சான். "அது வேற, இது வேற."

"அந்தப் பூப்பனி எப்ப விழும்?"

"இதான் நேரம்." சொல்லிவிட்டு அவரே கையிலிருந்த நாற்றைப் பார்த்தார்.

கூட்டத்தில் என்னதான் சொன்னார்கள் என்று கேட்டேன். அதை அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் நடந்தது. ஏதோ வெளிநாட்டு உதவித் திட்டம். பம்பாய் வெங்காயத்தை, அதாவது பெரிய வெங்காயத்தை, இந்த மலையிலேயே விளைவிக்கலாம் என்று ஒரு பெரிய அதிகாரி சிங்களத்தில் பேசினார். கொழும்பிலிருந்து கூட்டிவந்த ஒரு பையன் தமிழில் சொன்னான். "பனி முடிஞ்ச கையோட நட்டுடுங்க" என்பது அவன் சொன்ன வாக்கியம். மூட்டம் கலைந்தது. நாற்று வந்தது. இவர்கள் நடுகிறார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்கள்.

"நீங்க கேக்கலியா, பூப்பனி விழுமேன்னு?"

"கேட்டேனே" என்றார் மச்சான். "அந்தத் தம்பி பெரியவருகிட்ட கேக்கவே இல்ல. தானே பதில் சொல்லிட்டாரு. இது குளிர் நாட்டு வெங்காயம், ஒண்ணும் ஆவாதுன்னாரு."

எனக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியை ஓடையில் எறிந்திருப்பேன். ஆனால் அது மச்சானுடைய மண்வெட்டி.

நிறுத்தவும் முடியவில்லை. பிடுங்கிக் கட்டிய நாற்று ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குள் நிலத்தில் பச்சை தெரிய வேண்டும். நட்டோம். பிற்பகல் முழுவதும் நானும் மச்சானும் சரிவில் மானாப்புல் அறுத்து வந்து பாத்தியில் பரப்பினோம். அத்தை லயம் லயமாகப் போய் வெறும் உரப் பைகளைக் கேட்டு வாங்கினார். "மருமவன் இந்தியாவுலேருந்து வந்து சாக்கு பொறுக்குறான்னு சொல்லித்தான் வாங்குனேன். பாவம் பாத்துக் குடுத்தாங்க" என்றார். பாதிப் பாத்திக்குக்கூடப் பரப்பப் போதவில்லை. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத்தான், மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். எங்கள் நிலம் அதன் குளம்.

விடியும்போது மல்லிகாக்கா பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம் அது. தாமதமானால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். கதவைத் திறந்தவர் உள்ளே திரும்பி, "விழுந்துருச்சு" என்று மட்டும் சொன்னார். பெரட்டுக்குப் போகவில்லை.

ஓடையோரம் முழுக்க வெள்ளை. காலடியில் புல் நொறுங்கியது. ஒவ்வொரு வெங்காயத் தாளின் மேலும் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. பூப்பனி என்ற பேர் எவ்வளவு சரி என்று அப்போது பார்த்தேன். வெயில் படுவதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் கொஞ்சம் பிழைக்கும் என்று வாளிகளோடு ஓடினோம்.

அந்த நேரத்தில் மேலே ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. கம்பளித் தொப்பியும் புது ஜாக்கெட்டுமாகக் குடும்பம் ஒன்று இறங்கியது. பனி பார்க்க வந்தவர்கள். நேராகப் பள்ளத்துக்கு இறங்கி வந்து போன்களை எடுத்தார்கள். ஒரு பெண் வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் குந்தி, தாளில் பூத்திருந்ததை விரலால் தொட்டுப் படம் எடுத்தார். அத்தை வாளியைச் சாய்க்கப் போனார். அந்தப் பெண்ணின் புருஷன் கையை நீட்டி, சிங்களத்தில், கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஒரு படம், கரைத்துவிடாதீர்கள் என்றார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். கெஞ்சித்தான் கேட்டார்.

மல்லிகாக்கா அதே சிங்களத்தில் அவருக்கு ஏதோ சொன்னார். அந்தக் குடும்பம் மொத்தமும் எழுந்து மேலே ஏறிவிட்டது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுல சோறு வடிக்கிறப்ப நாங்க வந்து அடுப்புல தண்ணி ஊத்தவா, படம் நல்லா வரும்னேன்."

மத்தியானத்துக்குள் மூடாத பாத்திகளில் தாள் வெந்த கீரை மாதிரி கண்ணாடியாகித் தரையோடு படுத்துவிட்டது. மறுநாளும் விழுந்தது. சாக்குக்குக் கீழே இருந்தவற்றிலும் நடுவில் கொஞ்ச வரிசைதான் மிஞ்சியது. கண்டாக்கையா ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு, "என்னா யோகராஜ், காணி வெறும்காணியா ஆயிருச்சு போல" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார்.

அன்றே மச்சானையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவில் இருக்கும் திட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். வாடகை வீடு. வாசலில் ரோஜாத் தொட்டிகள். அவற்றை மட்டும் பிளாஸ்டிக் தாள் போட்டு அழகாக மூடி வைத்திருந்தார்கள். பனி விழும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

உள்ளே தமிழில் பேச ஒரு மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ஐயா அண்டைக்குச் சிங்களத்தில சொன்னது மல் துஹின முடிஞ்ச பிறகு எண்டு. மல் எண்டால் பூ. நீங்கள் சொல்லுற பூப்பனிதான் அது. அந்தப் பெடியன் பூவை விட்டுப்போட்டு வெறும் பனியெண்டு சொல்லிப்போட்டான்."

"நீங்க ஏன் மிஸ் வரல?"

"வாகனத்தில இடமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். படம் எடுக்கிற ஆள் வரவேணும் எண்டு என்னை இறக்கிவிட்டவை."

அவரே அந்தப் பையனுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அவன் இப்போது கொழும்பில் போன் கடையில் இருக்கிறானாம். அவனுக்கு நினைவிருந்தது. "மல்னா பூதானே மிஸ்? பனிக்கு எதுக்கு பூ? சும்மா அழகுக்குச் சொல்றாராக்கும்னு விட்டுட்டேன்" என்றான். அவனை என்ன திட்டுவது? அவன் பனியையே பார்த்ததில்லை. அவனை அனுப்பியவர்களைத்தான் திட்ட வேண்டும்.

பெரிய அதிகாரியின் அறைக்குப் போனோம். தேநீர் கொடுத்தார். அவரிடம் ஆங்கிலத்தில், கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குப் பேசுவதுபோலப் பேசினேன். பிடுங்கிக்கொண்டுபோன வெந்த நாற்றைக் காட்டினேன். அவர் வருத்தப்பட்டார். பிறகு, பனி முடிந்த பிறகு நடச் சொன்னோம், இவர்கள் பனிக்கு முன்னால் நட்டுவிட்டார்கள், அறிவுறுத்தலை மீறியவர்களுக்கு இரண்டாம் தவணை நாற்று கொடுக்க விதியில் இடமில்லை என்றார்.

மீறவில்லை, தமிழில் சொன்னதை அப்படியே செய்தார்கள் என்றேன்.

அவர் கையை விரித்தார். "தமிழில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?"

இதைத் தன் பக்கத்து நியாயமாகச் சொன்னார். இந்த வரியை நான் கண்டுபிடித்து எழுதவில்லை. மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "விடு மச்சான், டீயக் குடி" என்றார். நான் குடிக்கவில்லை. இரண்டு கோப்பையையும் அவரே குடித்துவிட்டு எழுந்தார். "பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்துருக்கோம்ல" என்றார் வெளியே வந்ததும்.

பூவை விட்டவன் போன் விற்கிறான். பூவோடு சொன்னவருக்குக் குற்றமில்லை. பூவையும் பனியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு வாகனத்தில் இடமில்லை. வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தேன். மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வேறெதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிலத்தில் பொங்கலுக்குள் பச்சை தெரிய வேண்டும். அவருக்கு அதுதான் பேச்சு.

கந்தப்பளையில் இறங்கி அவர் நேராக ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் போய் லீக்ஸ் நாற்று விலை பேசினார். இந்தக் குளிரிலேயே முளைத்து, இந்தக் குளிரிலேயே தடித்த நாற்று. பூப்பனி விழுந்தாலும் நுனி கருகி, மறுபடியும் எழுந்து நிற்கும். லீக்ஸ்தான் அவர்கள் வழக்கமாக நடுவது. வெங்காயம் நட்டால் வாழ்க்கை மாறும் என்று சொன்னதால்தான் அதை விட்டார்கள்.

அன்று மாலை அத்தைக்குச் சீர் கொடுத்தேன். தாம்பாளத்தில் சேலை, வெல்லம், வெற்றிலை, அப்பா கொடுத்தனுப்பிய பணம். மஞ்சளுக்குப் பதில் கந்தப்பளை கடையில் வாங்கிய ஒரு சின்னப் பொட்டலம். அத்தை சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வந்த நாளில் அழாததையும் சேர்த்து அப்போதுதான் அழுதார். பணத்தைத் தொடவில்லை. "தம்பி காசு. அது தட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

"தட்டுல கெடந்தா முளைக்குமா மாமி?" என்றார் மல்லிகாக்கா. பதிலுக்குக் காத்திருக்காமல் அந்தப் பணத்தை எடுத்து, கொழுந்துச் சம்பளத்தில் மிச்சம் வைத்திருந்ததையும் அதோடு சேர்த்து மச்சான் கையில் கொடுத்தார். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒங்கப்பன்கிட்ட சீலையைப் பத்தி மட்டும் சொல்லு, காசு போன எடத்தைச் சொல்லாத" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தைய நாள் லீக்ஸ் நட்டு முடித்தோம். கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். நிலம் இந்த வருஷத்துக்கு இருக்கிறது. லீக்ஸ் நாற்று, லாரிக் கூலி, மறுபடியும் போட்ட எரு, மல்லிகாக்கா பெரட்டுக்குப் போகாமல் இழந்த பேர், நுவரெலியாவுக்குப் போய்வந்த பஸ் எல்லாம் சேர்த்து, அந்தப் பையன் அழகுக்குத்தானே என்று விட்டுவிட்ட ஒரு பூவுக்கு அவர்கள் கொடுத்த விலை இருபத்து மூவாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.